விலாசம் மாறும் கயலுக்கு

ஈரோடு,
சித்திரை மாதம்.

என் செல்ல அம்மிணி கயலுக்கு,

அத்தை எழுதுகிறேன். அவிநாசிப் பக்கம் ஷெட் பார்த்து முடித்தாகிவிட்டது, அட்வான்ஸில் பாதியும் கொடுத்தாகிவிட்டது என்று உங்கப்பா நேற்று ராத்திரி போனில் சொன்னான். சொல்லும்போதே அவன் குரலில் அத்தனை பெருமை. வீட்டுப் போர்டிகோவில் நாலு பவர் டேபிளும் ஒரு ஓவர்லாக்கும் போட்டுக் குழந்தைத் துணி தைக்க ஆரம்பித்த பிள்ளை ஷெட் பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள் என்று கேட்டதும் எனக்குத் தூக்கமே வரவில்லை கண்ணு. பாதி சந்தோஷம், பாதி கவலை.

கவலை என்றதும் நீ சிரிப்பாய். மெஷின் ஏற்ற டெம்போ பேசியாயிற்று, வயரிங் ஆள் வந்து பார்த்தாயிற்று, ஆர்டரும் கையில் இருக்கிறது, இதில் அத்தைக்கு என்ன கவலை என்பாய். எனக்கு உன் தையலைப் பற்றிக் கவலையே இல்லை. நான் அனுப்பும் வாட்ஸ்அப்பை மூன்று நாள் கழித்துப் பார்க்கிற உன் குணத்தைப் பற்றித்தான் கவலை. உன் மெயிலைத் திறந்தால் படிக்காதது ஆயிரக்கணக்கில் கிடக்கிறது என்று உன்கூடக் கம்பெனி நடத்துகிற நர்மதா சொன்னாள். அதற்குள் எத்தனை அரசாங்கக் கடிதம் புதைந்து கிடக்கிறதோ தெரியவில்லையே.

மெஷின்களை அரை நாளில் ஏற்றி இறக்கிவிடலாம். ஆனால் உன் பழைய வீட்டு விலாசம் மூன்று இடத்தில் பதிவாகியிருக்கிறது: கோயம்புத்தூர் கம்பெனிப் பதிவாளர் அலுவலகம், இ.பி. ஆபீஸ், இன்சூரன்ஸ் கம்பெனி. டெம்போ ஏற்றுகிற அன்றைக்கு இந்த மூன்றும் தானாக உன் பின்னால் வந்துவிடாது. நான் ஆடிட்டர் ஆபீஸில் இருந்த காலமெல்லாம் பார்த்தது இதுதான். நல்லபடியாக வியாபாரம் செய்தவர்கள், ஒரு பைசா யாருக்கும் பாக்கி வைக்காதவர்கள், தாளில் இருந்த விலாசமும் தேதியும் சரியில்லாததால் அடிபட்டார்கள். சட்டத்தில் நமக்குச் சாதகமாக எத்தனையோ பாதுகாப்பு இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு நம்மைத் தேடி வருவது தாளில் இருக்கும் பெயரையும் விலாசத்தையும் வைத்துத்தான்.

முதலில் கம்பெனி விஷயம். ரிஜிஸ்டர்டு ஆபீஸை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஷெட்டில் வேலை மட்டும் நடத்தவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த விலாசத்துக்கு வருகிற தபாலை வாங்கிக் கையெழுத்துப் போட ஆள் இருக்க வேண்டும். பகலில் உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? அம்மா பள்ளிக்கூடம், அப்பா மில். பதிவாளர் ஆபீஸிலிருந்து நேரில் வந்து பார்க்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வந்து பார்த்து அங்கே கம்பெனியே நடக்கவில்லை என்று எழுதிவிட்டால் கம்பெனியின் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்குகிற வரைக்கும் போகலாம். அதனால் ஷெட்டுக்கே மாற்றிவிடு என்பதுதான் என் அபிப்பிராயம்.

மாற்றுவது என்றால், திருப்பூர் மாநகராட்சி எல்லையைத் தாண்டுகிறாய் அல்லவா, அதனால் போர்டு தீர்மானம் மட்டும் போதாது. பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பங்குதாரர்கள் நீயும் நர்மதாவும்தான். டீ குடிக்கும்போது பேசி முடித்துவிட்டோம் அத்தை என்று சொல்லாதே. முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, கூட்டம் போட்டு, மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 21 நாள் நோட்டீஸுக்கு நேரம் இல்லை என்றால், குறுகிய நோட்டீஸுக்குச் சம்மதம் என்று இரண்டு பேரும் எழுதிக் கொடுத்தால் போதும். பிறகு அந்தத் தீர்மானத்தை எம்ஜிடி-14 படிவத்திலும், புது விலாசத்தை ஐஎன்சி-22 படிவத்திலும் 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஐஎன்சி-22 தவறினால் கம்பெனிக்கும் டைரக்டர்களுக்கும் தனித்தனியாக நாளுக்கு 1,000 ரூபாய் வரை, மொத்தம் 1 லட்சம் வரை அபராதம் போகலாம். ஜிஎஸ்டியில் விலாசம் மாற்ற 15 நாள்தான் கெடு. அதை உன் ஆடிட்டர் மறக்கமாட்டார், இருந்தாலும் நீயும் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

ஐஎன்சி-22 கூட என்னென்ன வைக்க வேண்டும் தெரியுமா? வாடகை ஒப்பந்தம், ஷெட் ஓனரின் ஒப்புதல் கடிதம், அப்புறம் அந்த இடத்தின் கரண்ட் பில். அந்தப் பில் இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. எத்தனையோ பேர் ஒரு வருஷத்துப் பழைய ரசீதை ஸ்கேன் செய்து கொண்டுவந்து எங்கள் ஆபீஸில் நிற்பார்கள். கரண்ட் பில் ஏதோ கட்டிவிட்டுக் கசக்கிப் போடுகிற காகிதம் என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம். உன் கம்பெனி இந்த மண்ணில்தான் இருக்கிறது என்பதற்கு அரசாங்கம் நம்புகிற சாட்சி அந்தத் தாள்தான் கண்ணு. பத்திரமாக வை.

போர்டு மாட்டுவாய் அல்லவா? ஷெட் வாசலில் கம்பெனியின் முழுப் பெயரும் ரிஜிஸ்டர்டு ஆபீஸ் விலாசமும் எழுதி மாட்ட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டத்திலேயே இருக்கிறது. இங்கிலீஷில் மட்டும் எழுதினால் போதாது, அந்த ஊரில் புழங்குகிற மொழியின் எழுத்திலும் இருக்க வேண்டும். அதைப் படித்த அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். உன் கம்பெனிப் பெயர் தமிழில், நல்ல பெரிய எழுத்தில், அவிநாசி ரோட்டில் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தாலும் படிக்கிற மாதிரி இருக்கட்டும். பில் புத்தகம், லெட்டர்ஹெட் எல்லாவற்றிலும் சிஐஎன் என்கிற 21 இலக்கக் கம்பெனி அடையாள நம்பரும், புது விலாசமும், போனும், மெயிலும் அச்சாகட்டும். பழைய பில் புத்தகம் ரெண்டு கட்டு மிச்சம் இருக்கிறதே என்று அதையே ஓட்டாதே. நீ அப்படிச் செய்கிற ஆள்தான். சின்ன வயதில் பென்சில் விரலுக்குள் மறைகிற வரைக்கும் எழுதுவாய். பில் புத்தகத்தில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

வருஷா வருஷம் கொடுக்கிற கணக்கு இன்னொன்று. செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம். அது நடந்து 30 நாளுக்குள் வரவு செலவுக் கணக்குக்கான ஏஓசி-4 படிவம், 60 நாளுக்குள் ஆண்டு அறிக்கைக்கான எம்ஜிடி-7ஏ படிவம். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். அதற்கு உச்சவரம்பு கிடையாது. ஒரு வருஷம் விட்டால் இரண்டு படிவத்துக்கும் சேர்த்து 73,000 ரூபாய். உன் ஓவர்லாக் மெஷின் விலையோடு ஒத்துப் பார்த்துக்கொள். வியாபாரமே நடக்கவில்லை, எதற்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கேட்கிறவர்கள்தான் அதிகம் மாட்டுவார்கள். வியாபாரம் பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்று எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். மூன்று வருஷம் தொடர்ந்து விட்டுவிட்டால் அந்த டைரக்டர் ஐந்து வருஷத்துக்கு எந்தக் கம்பெனியிலும் புதிதாக டைரக்டர் ஆக முடியாது. 2017-இல் நாடு முழுக்க 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்கள் இப்படித் தகுதி இழந்தார்கள். அதில் கறுப்புப் பணக்காரர்களும் இருந்தார்கள்தான். ஆனால் சிநேகிதனுக்காக ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துபோன சாதாரணப் பிள்ளைகளும் இருந்தார்கள். எங்கள் ஆபீஸுக்கு ஒரு பையன் வந்தான். படித்து முடித்த கையோடு நண்பர்களோடு கம்பெனி ஆரம்பித்து, ஆறு மாதத்தில் கலைந்து, ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள். கம்பெனியை முறைப்படி மூடவில்லை. பிறகு சொந்தமாக ஒரு தொழில் தொடங்கப் போகும்போதுதான் தன் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பதே அவனுக்குத் தெரிந்தது. நோட்டீஸ் எல்லாம் வந்ததா என்று கேட்டால், வாடகை வீட்டு விலாசத்துக்கு வந்திருக்கும் மேடம் என்றான்.

கூட்டு வியாபாரமாகவே இருந்திருக்கலாமே என்று மாமா உன்னிடம் சொன்னாராமே. கம்பெனிதான் சரி என்று நீ நின்றது எனக்குப் பிடித்தது. பார்ட்னர்ஷிப்பைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1932-ஆம் வருஷத்துச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதனாலேயே நிறையப் பேர் பத்திரம் எழுதி பீரோவில் வைத்துக்கொண்டு, மாவட்டப் பதிவாளர் ஆபீஸ் பக்கம் போவதே இல்லை. எங்கள் கிளையன்ட் ஒரு மஞ்சள் மண்டி அப்படித்தான் இருந்தது. வெளியூர் வியாபாரி ஒருவர் பெரிய தொகை பாக்கி வைத்துவிட்டார். வக்கீலிடம் போனால் அவர் முதலில் கேட்டது பதிவுச் சான்றிதழ். பதிவாகாத கூட்டு நிறுவனம் மூன்றாவது ஆள் மேல் ஒப்பந்தப் பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் அந்த வழக்கு நிற்காது. வழக்குக்கு முன்னால் பதிவு செய்திருக்க வேண்டும். பாக்கி வைத்தவருக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். உன்னிடம் ஜாப் ஒர்க் கொடுக்கிறவர்கள், வாங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் முதல் பில் போடும்போதே பதிவு விவரத்தைக் கேட்டு வாங்கிவிடு. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சப்படாதே.

இனி கரண்ட். போர்டிகோவில் மெஷின் ஓடினபோதே நான் சொன்னேன், உங்கப்பாதான் நாலு மெஷினுக்கு என்னக்கா ஆகும் என்றான். வீட்டுக்கு என்று வாங்கின இணைப்பில் தொழில் நடத்தினால் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி அது அனுமதியற்ற உபயோகம். எப்போதிருந்து நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் 12 மாதத்துக்கு, அந்தத் தொழிலுக்குரிய கட்டணத்தின் இரண்டு மடங்கு போடலாம். ஏதோ தெய்வ புண்ணியம், அப்படி எதுவும் நடக்காமல் ஷெட்டுக்குப் போகிறாய். வீட்டில் ஒரே ஒரு மெஷின் மட்டும் இருக்கட்டும் என்று விட்டுவைக்காதே.

ஷெட்டில் இதற்கு நேர் எதிரான விஷயம் ஒன்று பார்க்க வேண்டும். அந்த ஷெட் இதுவரை குடோனாக இருந்தது என்றால் இணைப்பு வணிகக் கட்டணத்தில், அதாவது தாழ்வழுத்தம் ஐந்தாம் பிரிவில் இருக்கும். நீ செய்வது உற்பத்தி. அதற்கு மூன்றாம் பிரிவு. குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கு மூன்று-ஏ-ஒன்று, மற்றத் தொழிலுக்கு மூன்று-பி. வணிகக் கட்டணத்தைவிட இவை குறைவு. பிரிவு மாற்றச் சொல்லி ஏ.இ. ஆபீஸில் மனு கொடுக்காமலே மாதக்கணக்கில் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கிற எத்தனையோ சின்னச் சின்னப் பட்டறைகளை எனக்குத் தெரியும். மீட்டர் அட்டையில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று முதல் நாளே பார்.

ரீடிங் எடுக்கிறவர் வந்துபோன அன்றைக்கு, மீட்டரை போனில் ஒரு போட்டோ எடு. தேதி தெரிகிற மாதிரி. தினமும் பத்து செல்ஃபி எடுக்கிற கை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மீட்டரையும் எடுக்கட்டும். வீட்டுக்கும் இது முக்கியம். வீட்டு இணைப்பில் முதல் 100 யூனிட் இலவசம், ஆனால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டின யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் மாறிவிடுகிறது. ரீடிங் எடுக்க ஒரு வாரம் பிந்தி வந்தால் 480-இல் நிற்க வேண்டியது 520-ஐத் தொட்டுவிடும். அப்போது தேதி போட்ட போட்டோ உன் கையில் இருந்தால் பேச ஆதாரம் இருக்கும்.

ஒரு தடவை எதிர்பாராமல் பெரிய தொகைக்கு பில் வந்துவிட்டது என்று வை. பதறாதே, கோபப்பட்டுக் கட்டாமலும் இருக்காதே. கட்டவில்லை என்பதற்காக இணைப்பைத் துண்டிக்க முழுசாக 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும் என்பது 56-ஆம் பிரிவு. தொகை தப்பு என்று நீ நினைத்தால், ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுதிக் கட்டலாம். கேட்ட தொகை, இல்லாவிட்டால் முந்தின ஆறு மாத சராசரியை வைத்துக் கணக்கிட்ட தொகை, இதில் எது குறைவோ அதைக் கட்டினால் தகராறு தீருகிற வரைக்கும் துண்டிக்க முடியாது. பிறகு மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு எழுது. ஒவ்வொரு மின் வட்டத்திலும் மேற்பார்வைப் பொறியாளர் தலைமையில் அது இருக்கிறது. அங்கே தீராவிட்டால் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார். கவுன்டரில் நின்று சண்டை போட்டுத் தொண்டை கட்டிப்போய் வருகிறவர்கள் இந்த இரண்டு படியையும் ஏறிப் பார்ப்பதே இல்லை. நீ வாய்ச் சண்டையில் கெட்டிக்காரி என்பது தெரியும், அதை எழுத்தில் காட்டு.

காப்புத்தொகை என்று ஒன்று இணைப்போடு இருக்கும். அதற்கு வருஷா வருஷம் வட்டியும் உண்டு. ஷெட்டில் இணைப்பு ஓனர் பெயரில் இருப்பதால் அந்தப் பணமும் வட்டியும் அவர் கணக்கில்தான் போகும். நீ கூடுதல் லோடு வாங்கினால் கூடுதல் காப்புத்தொகை கேட்பார்கள். அதை யார் கட்டுவது, நீ காலி செய்யும்போது யாருக்குத் திரும்பி வருவது என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டணத்தை யாரோ சென்னையில் உட்கார்ந்து ஏற்றுகிறார்கள், நமக்கு அதில் பேச்சே இல்லை என்று நினைக்காதே. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போடுவதற்கு முன்னால் மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். 2022 ஆகஸ்டில் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கூட்டம் நடத்தினார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம், எழுதியும் அனுப்பலாம். அதற்குப் பிறகும் செப்டம்பர் 10-இலிருந்து கட்டணம் ஏறத்தான் ஏறியது. நிலைக்கட்டணம் தாங்கவில்லை என்று 2023 செப்டம்பரில் நம் பக்கத்துச் சிறுதொழில்காரர்கள் ஒரு நாள் கதவடைப்பே நடத்தினார்கள். ஆனாலும் போய்ப் பேச வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆறு மெஷின் வைத்திருக்கிற ஒரு பெண் தன் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் மெஷின் ஓட்டாத மாதமும் இவ்வளவு கட்டுகிறேன் என்று சொன்னால் அது பதிவேட்டில் ஏறும். அடுத்த தடவை கோவையில் கூட்டம் என்றால் நானும் உன்கூட வருகிறேன்.

இன்சூரன்ஸுக்கு வருகிறேன். இதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

எங்கள் ஆபீஸ் கிளையன்ட் ஒருவர் பெட்ஷீட் வியாபாரி. தங்கமான மனுஷன். பிரீமியம் கட்டுகிற தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே செக் எழுதி எங்களிடம் கொடுத்துவிடுவார். தீபாவளி சமயத்தில் சரக்கு வைக்க இடம் போதவில்லை என்று குடோனைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றினார். பத்துக் கதவு தள்ளித்தான். ஒரு ராத்திரி ஒயரில் பொறி பட்டுச் சரக்கு முழுக்கப் போய்விட்டது. மறுநாள் நானும் ஆடிட்டரும் போயிருந்தோம். ஈரமும் கரியுமாகத் தரையில் கிடந்தது துணி. சர்வேயர் வாசலில் நின்று முதலில் கதவு நம்பரைப் பார்த்தார். பிறகு பாலிசி நகலைப் பார்த்தார். திரும்பக் கதவு நம்பரைப் பார்த்தார். அதற்கப்புறம் உள்ளே வந்தவர் துணியை எண்ணிக் குறிப்பெடுத்தார்தான், ஆனால் அந்த வாசலிலேயே விஷயம் முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. பாலிசியில் எழுதின இடத்தில் இருக்கிற சரக்குக்குத்தான் காப்பீடு. இடம் மாறினால் கம்பெனிக்குச் சொல்லி எண்டார்ஸ்மென்ட் வாங்கியிருக்க வேண்டும். ஒரு மெயில், ஒரு தாள். அந்த மனுஷன் அத்தனை வருஷம் தவறாமல் கட்டின பிரீமியம் அன்றைக்கு அவருக்கு உதவவில்லை.

ஆகவே கயல், டெம்போ கிளம்புவதற்கு முன்னால் எண்டார்ஸ்மென்ட் உன் கையில் இருக்க வேண்டும். மெஷின் அவிநாசியில் இறங்கிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது வேண்டவே வேண்டாம். நீ எடுத்திருப்பது பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி என்று நினைக்கிறேன். மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடி வரை இருக்கிற சின்னத் தொழில்களுக்காக 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்தது. அதில் மதிப்பைக் குறைத்துக் காட்டினால் நஷ்டஈட்டையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். 15 சதவீதம் வரைக்கும் குறைவைப் பொருட்படுத்தமாட்டார்கள், அதற்கு மேல் போனால் வெட்டுத்தான். போர்டிகோவில் இருந்தபோது எழுதின தொகை இப்போது பத்தாது. புது மெஷின், துணி ரோல், முடிந்த பீஸ் எல்லாம் சேர்த்து மதிப்பைத் திருத்தி எழுதச் சொல். பிரீமியம் கொஞ்சம் ஏறும், ஏறட்டும்.

பணம் கட்டுகிற முறையிலும் கவனம் வேண்டும். பிரீமியம் கம்பெனி கைக்குப் போகாமல் காப்பீடு தொடங்காது என்பது இன்சூரன்ஸ் சட்டம் 64விபி பிரிவு. ஏஜென்ட் உன்னிடம் பணம் வாங்கினால் பேங்க், தபால் விடுமுறை நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கம்பெனியில் செலுத்த வேண்டும். பணம் ஏதாவது திரும்ப வர வேண்டியிருந்தால் அதைக் கம்பெனி உனக்கு நேரடியாகத்தான் கொடுக்க வேண்டும், ஏஜென்ட் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. உங்கப்பா தன் மருத்துவப் பாலிசிக்கு ரொக்கத்தை ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டு, அவர் நம்ம ஆளு என்கிறான். நம்ம ஆளாகவே இருக்கட்டும், ரசீது கம்பெனியுடையதாக இருக்கட்டும். முதல் பிரீமியத்தில் என் கமிஷனைக் கழித்துக்கொள்கிறேன் என்று யாராவது ஆசை காட்டினால் ஒத்துக்கொள்ளாதே. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.

உங்கப்பாவின் பாலிசித் தேதியை நீ உன் தலையில் போட்டுக்கொள் கண்ணு. வருஷத்துக்கு ஒரு தடவை கட்டுகிற மருத்துவப் பாலிசிக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டுதான். அதற்குள் கட்டினால் பழைய நோய்களுக்குக் காத்திருந்த வருஷங்கள் வீணாகாது. ஆனால் கட்டாமல் விட்ட அந்த இடைவெளி நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் காப்பீடு கிடைக்காது. சலுகைக் காலம் என்ற பேரைக் கேட்டதும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். உங்கப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. தொடர்ந்து 60 மாதம் கட்டி முடித்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, பழைய நோயைச் சொல்லவில்லை என்று காரணம் காட்டிக் க்ளெய்மைத் தள்ள முடியாது. அந்த 60-ஐ நோக்கி அவன் நடந்துகொண்டிருக்கிறான், நடுவில் அறுந்துவிடக் கூடாது. பில்லிலும் ஒன்றைப் பார். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிக்கும் ஆயுள் பாலிசிக்கும் ஜிஎஸ்டி கிடையாது. அவன் பில்லில் அந்த வரி இருந்தால் கேள். உன் தையல்காரப் பெண்களுக்காக நீ குரூப் பாலிசி எடுத்தால் அதில் 18 சதவீதம் இருக்கத்தான் செய்யும், அதைப் பார்த்துத் திகைக்காதே. அவர்களுக்கு அந்தப் பாலிசியைக் கட்டாயம் எடு.

க்ளெய்ம் எதையாவது கம்பெனி தள்ளிவிட்டால், முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர். நமக்குச் சென்னை ஆபீஸ். 50 லட்சம் வரைக்கும் விசாரிப்பார்கள், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், ஆனால் ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். குறுந்தொழில் பாலிசிகளுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. உன் மாதிரி சின்னக் கம்பெனிக்காரர்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது.

இதையெல்லாம் எங்கே ஞாபகம் வைப்பது என்று நீ கேட்பாய். போனில் அலாரம் வை, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பேரேடு மாதிரி ஒரு நீளமான நோட்டு வாங்கி, தேதி போட்ட எந்தத் தாள் வந்தாலும் வந்த அன்றைக்கே ஒரு வரி எழுதிவிடு: என்ன தாள், யாரிடமிருந்து, கடைசி நாள் எது. ராத்திரி மெஷினுக்கு உறை போடும்போது நர்மதா ஒரு நாள், நீ ஒரு நாள் எழுதுங்கள். கம்பெனி மெயிலுக்குத் தனி ஐடி வைத்து, காலையில் டீ குடிக்கும்போது அதை மட்டும் பார். மற்ற ஆயிரம் மெயில் அப்படியே கிடக்கட்டும், அத்தை கேட்கமாட்டேன்.

இன்னொரு விஷயம், அவசரம். அந்த ஷெட்டின் மீட்டர் அட்டை ஓனருடைய காலஞ்சென்ற அப்பா பெயரில் இருக்கிறது என்று உங்கப்பா பேச்சுவாக்கில் சொன்னான். ஒப்புதல் கடிதம் மகன் கொடுத்து, கரண்ட் பில் அப்பா பெயரில் இருந்தால் பதிவாளர் ஆபீஸில் படிவத்தைத் திருப்பி அனுப்பக்கூடும். அதனால் மிச்ச அட்வான்ஸைக் கொடுப்பதற்கு முன்னால், வாரிசுச் சான்றிதழும் சொத்துவரி ரசீதும் வைத்து இ.பி.யில் பெயர் மாற்ற மனு கொடுக்கச் சொல்லி ஓனரிடம் கேள். கேட்க உனக்குத் தயக்கமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மாமா அங்கே வருகிறார், அவர் கேட்பார். நீ கேட்ட அரிசி வடகமும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். ஓனரை ஞாயிறு காலை பத்து மணிக்கு ஷெட்டுக்கு வரச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு போன் செய்.

உன் அத்தை.